57 கிலோமீட்டர் மலைக்கு அடியில்: கோத்தார்ட் சுரங்கத்துக்கு இவ்வளவு செலவு தகுமா?

வாசகர் கேள்வி, 7 செப்டம்பர் 2024

சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் ஓராண்டுக்கு மேல் பழுதாகிக் கிடந்து, இந்த வாரம்தான் முழுமையாகத் திறந்திருக்கிறது. 17 ஆண்டு வேலை, 1,220 கோடி பிராங்க் செலவு. சூரிச்சிலிருந்து மிலான் போகிறவருக்கு மிச்சமாவது அரை மணியோ முக்கால் மணியோ. பழைய பாதை நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? கையில் பணம் இருக்கிறது என்பதற்காக மலையைக் குடைவார்களா?

7 செப்டம்பர் 2024, இரவு

பயணிகளுக்காகக் கட்டினார்கள் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். இது முதலில் சரக்குக்காகத் தோண்டிய பாதை.

பழைய பாதை 1882இல் திறந்தது. அதன் சுரங்கம் 15 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சுரங்கத்தின் வாயை எட்டுவதற்கே ரயில் மலையில் பாதி ஏறியாக வேண்டும். உச்சி 1,151 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 27 மீட்டர் அளவுக்கு ஏற்றம். மலைக்குள்ளேயே வட்டமடித்து மேலே வரும் சுற்றுச் சுரங்கங்கள் வேறு. கனத்த சரக்கு ரயில் என்றால் முன்னால் இழுக்கும் எஞ்சின்கள் போதாமல் பின்னாலிருந்து தள்ள இன்னொன்று வேண்டும். அப்படியும் 1,400 டன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய பாதையின் உச்சி 549 மீட்டர். தலைநகர் பேர்ன் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கிறது. ஆக ஆல்ப்ஸைக் கடக்கும் ரயில் மலை ஏறுவதே இல்லை. 2,000 டன் ரயிலைத் தள்ளுவதற்கு ஆள் தேடாமல் கொண்டு போகலாம். மலையின் இடுப்பில் குடைந்தால் 15 கிலோமீட்டர், காலடியில் குடைந்தால் 57. செலவின் மூலக்காரணம் அவ்வளவுதான்.

8 செப்டம்பர் 2024

"பணம் இருக்கிறது என்பதற்காக" என்ற வரி நேற்றே உறுத்தியது. சுவிஸ்காரர்களிடம் ஒரு பிராங்க் வாங்குவது எவ்வளவு கடினம் என்று இங்கே சம்பளம் வாங்குகிற யாரையும் கேளுங்கள். இந்தத் திட்டம் 1992 செப்டம்பரில் பொது வாக்கெடுப்புக்குப் போனது. 64 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 1994இல் இன்னொரு வாக்கெடுப்பு: எல்லைக்கு எல்லை போகும் சரக்கு லாரியில் அல்லாமல் ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 1998இல் பணத்துக்கு வழி தேடி மேலும் இரண்டு. அதன் பலனாக 2001 முதல் கனரக லாரிகள் ஓடும் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப வரி கட்டுகின்றன. சுரங்கச் செலவில் ஒரு பங்கு அந்த வரியிலிருந்து வந்தது. லாரியிடம் வசூலித்து, லாரிக்குப் போட்டியாக ரயில் பாதை போட்டார்கள். குறும்பான ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

8 செப்டம்பர் 2024, சற்றுப் பிறகு

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொறியாளன் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சுவிஸின் தெற்கே டிச்சினோ மாநிலத்தில் குடியிருப்பவன். சரக்குக் கிடங்கில் வேலை. வடக்கே போகும் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சொந்தபந்தம் பாதிப் பேர் சூரிச் பக்கம் இருப்பதால் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் இந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் போகிறேன்.

14 செப்டம்பர் 2024

"இரண்டு பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டே போனால் நடுவில் சந்திக்கும், இதில் என்ன வித்தை" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். இரண்டு வாய் மட்டும் வைத்துத் தோண்டியிருந்தால் இன்னும் தோண்டிக்கொண்டிருப்பார்கள். வேலையை வடக்கு வாயான எர்ஸ்ட்ஃபெல்ட், ஆம்ஸ்டெக், செட்ருன், ஃபைடோ, தெற்கு வாயான போடியோ என்று ஐந்து துண்டாகப் பிரித்து எல்லாவற்றையும் ஏககாலத்தில் நடத்தினார்கள். மற்றவற்றுக்குப் பக்கவாட்டிலோ சரிவாகவோ வழி அமைத்துவிடலாம். நடுவில் இருக்கும் செட்ருன்தான் சிக்கல். அங்கே மலைக்குள் ஒரு கிலோமீட்டர் கிடைமட்டமாகப் போய், அங்கிருந்து 800 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகக் கிணறு இறக்கினார்கள். ஆட்கள், வெடிமருந்து, சிமெண்ட், உடைத்த பாறை, எல்லாம் கூண்டில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

பிரதான குழாய்களின் பெரும்பகுதியைத் துளையிடும் ராட்சத இயந்திரங்கள் குடைந்தன. ஒன்பது மீட்டர் விட்டத்துக்கு மேலும் கீழுமாக நான்கு இயந்திரங்கள்; தொழிலாளர்கள் வைத்த பெயர்கள் ஹைடி, சிஸ்ஸி, மற்ற இரண்டுக்கும் காபி (Gabi) என்ற பெண் பெயர். செட்ருனில் மட்டும் இயந்திரத்தை விடாமல் துளை போட்டு வெடி வைத்தே முன்னேறினார்கள். காரணம், அங்கே குறுக்கே கிடக்கும் நொறுங்கிய பாறைப் பட்டை. அவ்வளவு ஆழத்தில் அப்படிப்பட்ட பாறை, குடைந்த வெற்றிடத்தை மூடப் பார்க்கும். உறுதியான தாங்கியை வைத்து எதிர்த்து நின்றால் தாங்கிதான் முறியும். எனவே தேவைக்கு மேல் பெரிதாகக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் சுருங்கும் எஃகு வளையங்களைப் பொருத்தினார்கள். மலை நெருக்கட்டும் என்று விட்டு, அது அடங்கிய பிறகு கான்கிரீட் பூசினார்கள். மலையோடு மல்லுக்கட்டாமல் இடம் கொடுத்துப் பணிய வைத்த இந்த இடம்தான் முழுத் திட்டத்திலும் எனக்கு அலுக்காத பகுதி.

16 செப்டம்பர் 2024

பாறை மோசமாக இருந்த இடம் அது ஒன்றுதானா என்ற கேள்விக்கு: எல்லோரும் பயந்த இடம் வேறு. தெற்கே பியோரா என்ற பள்ளத்தாக்கின் கீழே டோலமைட் பாறை சர்க்கரை போல உதிர்ந்து, நீரோடு கலந்து அழுத்தத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. 1990களில் ஆய்வுத் துளை போட்டபோது நீரும் மணலும் பீறிட்டு வந்தன. அதே பொருள் சுரங்கத்தின் மட்டத்திலும் இருந்தால் திட்டமே முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். மேலும் துளைகளைச் சாய்வாக இறக்கிப் பார்த்ததில் அந்த ஆழத்தில் பாறை கெட்டியாகவும் உலர்ந்தும் இருந்தது. பின்னால் இயந்திரம் அந்த இடத்தைச் சிரமமில்லாமல் கடந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. கோடிக்கணக்கில் செலவிட்டுத் துளை போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், பாறை நல்ல பாறை என்று தெரியாமலேயே பாதையை வேறு பக்கம் திருப்பியிருப்பார்கள்.

17 செப்டம்பர் 2024

அணைகளை விட்டுவிட்டேன். சுரங்கப் பாதைக்கு மேலே நால்ப்ஸ், குர்னேரா, சான்டா மரியா என்று மூன்று அணைகள் நிற்கின்றன. சுரங்கம் பாறையிலிருக்கும் நீரை வடித்தால் மேலே நிலம் அமுங்கும், பள்ளத்தாக்கின் இரு கரையும் அசையும். இது கற்பனைப் பயம் அல்ல. 1978இல் வாலே மாநிலத்தில் ஒரு சாலைச் சுரங்கத்துக்கான ஆய்வுக் குடைவு பாறை நீரை வடித்துவிட்டது. அருகிலிருந்த செய்சியே வளைவு அணையில் விரிசல் கண்டது, நீரை இறக்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சாலைச் சுரங்கத் திட்டமே பின்பு கைவிடப்பட்டது. அந்தப் பாடத்தால் கோத்தார்டில் மலை மேலே அளவைக் கருவிகளை நட்டு ஆண்டுக்கணக்கில் கரைகளைக் கண்காணித்தார்கள். அணைக்கு அருகில் நீர் கசிந்த பிளவுகளில் சிமெண்ட் கலவையை அழுத்திச் செலுத்தி அடைத்தார்கள்.

22 செப்டம்பர் 2024

நடுவில் சந்திக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2010 அக்டோபர் 15 அன்று செட்ருனுக்கும் ஃபைடோவுக்கும் இடையே கடைசிப் பாறை விழுந்தது. பக்கவாட்டில் 8 சென்டிமீட்டரும் மேல்கீழாக 1 சென்டிமீட்டரும்தான் பிசகு.

பழைய சுரங்கத்தில் 1880இல் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர், மேல்கீழாக 5. செயற்கைக்கோள் இல்லை, லேசர் இல்லை, மலை உச்சிகளுக்குக் கருவியைச் சுமந்து போய்க் கோணம் அளந்த காலம். என்னைக் கேட்டால் பழைய சுரங்கத்தில் செய்ததுதான் பெரிய காரியம். பாறையில் முதல் துளை விழுந்தபோது மறுபக்கத்துக்கு முதலில் அனுப்பியது ஒரு தகர டப்பா. அதற்குள் ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரின் படம் இருந்தது. அவர் முந்தின ஆண்டு ஜூலையில் அதே சுரங்கத்துக்குள் நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். முதலில் கடக்கும் மரியாதை அவருக்கே என்று தொழிலாளர்கள் முடிவு செய்தார்கள்.

23 செப்டம்பர் 2024

அந்தக் கதை மனதைத் தொட்டதாக இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தொட்ட வரைக்கும் சரி. அவர் நடத்திய வேலையின் மறுபக்கத்தையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் தாமதத்துக்குத் தண்டம் எழுதியிருந்தது, அந்த அவசரம் முழுவதும் இத்தாலியத் தொழிலாளர்கள் தலையில் விழுந்தது. உள்ளே முப்பது டிகிரிக்கு மேல் சூடு, இடுப்பளவு ஈரம், வெடிப்புகை. 1875 ஜூலையில் சுரங்கத்தின் வடக்கு வாயான கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தபோது சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அதிகாரப்பூர்வ பட்டியலில் விபத்தில் மாண்டவர்கள் 199 பேர். கொக்கிப்புழு தொற்றி இரத்தம் வற்றி ஊர் திரும்பிச் செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உள்ளே கழிப்பறை என்று ஒன்றே கிடையாது, புழு எப்படிப் பரவியது என்று விளக்கத் தேவையில்லை. அந்தச் சோகை நோயின் காரணத்தை மருத்துவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டதே இந்தத் தொழிலாளர்களைச் சோதித்த பிறகுதான்.

புதிய சுரங்கத்தில் உயிரிழந்தவர்கள் ஒன்பது பேர். "ஒன்பதுதானா, பரவாயில்லையே" என்று இங்கே ஒரு பின்னூட்டம் வந்திருக்கிறது. அப்படி எழுதாதீர்கள்.

5 அக்டோபர் 2024

உள்ளே சூடாக இருக்குமா என்று கேட்டவருக்கு. தலைக்கு மேல் 2,300 மீட்டர் வரை பாறை இருக்கிறது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 46 டிகிரியை எட்டும். கட்டும்போது குளிர்ந்த நீரைக் குழாயில் அனுப்பி வேலையிடத்தை 28 டிகிரிக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது ஓடும் ரயில்களே காற்றைத் தள்ளிக்கொண்டு போய் ஓரளவு ஆற்றுகின்றன. 40 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை.

பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது, ஜன்னலைக் கவனிப்பவரைத் தவிர. ஜனவரி மாதத்தில் எர்ஸ்ட்ஃபெல்ட் பக்கம் வெளியே உறைபனியாக இருக்கும்போது உள்ளே நுழைந்தால், குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் சட்டென்று வெளிறிப் பால் நிறமாகிவிடும். சில நிமிடத்தில் மூலையிலிருந்து தெளியத் தொடங்கி, துளிகள் கீழே வழியாமல் பின்னோக்கி ஓடும். காது ஒரு முறை அடைக்கும். இருபது நிமிடம் போல இருட்டு, பிறகு போடியோவில் வெயில். என் மனைவி இந்த இருபது நிமிடத்தில் தூங்கி எழுந்துவிடுவார்.

6 அக்டோபர் 2024

வேகம் பற்றி: 250 கிலோமீட்டருக்கு வடிவமைத்தார்கள், சோதனை ஓட்டத்தில் 275 வரை போனார்கள், பயணிகள் ரயில் அன்றாடம் ஓடுவது 200இல். ஏன் என்று கேட்டால் மறுபடியும் சரக்குதான் பதில். முன்னால் நூறில் போகும் சரக்கு ரயிலைச் சுரங்கத்துக்குள் முந்த முடியாது. எல்லா ரயிலும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் நிறைய ரயில் கொள்ளும்.

13 அக்டோபர் 2024

இப்போது சுரங்கத்தை முடக்கிய 2023 ஆகஸ்ட் 10 விபத்துக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் சுரங்கம் எப்படி இயங்குகிறது என்று சொல்லாமல் இதை விளக்க முடியாது.

57 கிலோமீட்டரில் இரண்டு தனித்தனிக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு தண்டவாளம். சுமார் 325 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி, அதற்குத் தீயையும் அழுத்தத்தையும் தாங்கும் கதவு. ஒரு குழாயில் தீப்பிடித்தால் மற்றதுதான் அடைக்கலம். அங்கே காற்றழுத்தத்தைக் கூட்டிப் புகை வராமல் தடுப்பார்கள். செட்ருனிலும் ஃபைடோவிலும் அவசர நிறுத்தங்கள் இருக்கின்றன. ரயில் அங்கே நின்றால் பயணிகள் மறுபக்கக் குழாய்க்கு நடந்து, அங்கு வரும் மீட்பு ரயிலில் ஏறலாம். 1999இல் மோன் பிளாங் சாலைச் சுரங்கத்தில் 39 பேர், 2001இல் இதே கோத்தார்டின் சாலைச் சுரங்கத்தில் 11 பேர் தீயில் மாண்டதை நினைத்தால், கதவுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது புரியும். செட்ருன், ஃபைடோ ஆகிய அந்த இரண்டு இடங்களில்தான் ரயில்கள் குழாய் மாறும் இணைப்பும் உண்டு. இணைப்பு இருந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்கப் பெரிய இரும்புக் கதவு.

அன்று தெற்கிலிருந்து வந்த சரக்கு ரயிலில் ஒரு பெட்டியின் சக்கரம் உலோகச் சோர்வால் விரிசல் கண்டு உடைந்தது. ரயில் நிற்கவில்லை, தடம் புரண்ட பெட்டியை இழுத்துக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. ஃபைடோ இணைப்புத் தண்டவாளத்தை எட்டியதும் பின்னால் வந்த பெட்டிகள் சரிந்து, அந்த இரும்புக் கதவையும் உடைத்தன. ஓட்டுநருக்குக் காயமில்லை. ஏழு கிலோமீட்டர் தண்டவாளமும் சுமார் 20,000 கான்கிரீட் கட்டைகளும் மாற்ற வேண்டியதாயிற்று. சேதம் 15 கோடி பிராங்க் அளவில்.

விபத்து நடந்தது மேற்குக் குழாயில்; கிழக்குக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே, அதில் விட்டிருக்கலாமே என்றால், சரக்கு ரயிலை இரண்டே வாரத்தில் விட்டார்கள். பயணிகளை உடனே விட முடியாமல் போனதற்குக் கதவுதான் காரணம். அது இல்லாமல் இரண்டு குழாயும் ஒன்று, புகை வந்தால் அடைக்கலம் கிடையாது.

13 அக்டோபர் 2024, பின்னிரவு

ஓராண்டு பழுது என்பதைச் சிலர் திறமைக் குறைவாகப் பார்க்கிறார்கள். உடைந்த பெட்டிகளைத் தூக்கப் பாரந்தூக்கியை நிமிர்த்த முடியாது. மேலே மின்கம்பி, சுற்றிலும் கான்கிரீட். சாமான் வருவதும் போவதும் ஒரே தண்டவாளத்தில். பக்கத்துக் குழாயில் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கிடங்கில் அந்த மாதங்களில் எந்தப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் எல்லாம் சேர்ந்து வரும். நான் அப்போது எரிச்சல்பட்டது உண்மை. சூரிச் போக ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று, பழைய மலைப்பாதை வழியாக நின்றுகொண்டே. வாஸன் கிராமத்துத் தேவாலயம் சுற்றுப் பாதையில் மூன்று முறை, மூன்று உயரத்திலிருந்து தெரியும். மூன்றாவது முறை பார்க்கும்போது எதிர் இருக்கைக் குழந்தை "இதே கோயில்தானே" என்று கத்தியது, பெட்டி முழுவதும் சிரித்தது.

20 அக்டோபர் 2024

சரக்குக்காகக் கட்டியது என்று தொடக்கத்தில் அடித்துச் சொன்னேன். நோக்கம் அதுதான். பலன் என்ன என்று கேட்டால் குரலைக் கொஞ்சம் தணிக்க வேண்டியிருக்கிறது. ஆல்ப்ஸைக் கடக்கும் லாரிகளை ஆண்டுக்கு 6,50,000ஆகக் குறைப்பது சட்டத்தில் எழுதிய இலக்கு. சுரங்கம் திறந்து இரண்டு ஆண்டில் எட்டியிருக்க வேண்டும், இன்றுவரை எட்டவில்லை. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் ரயிலின் பங்கு மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே மிக அதிகம் என்பதும் உண்மை.

தடங்கல் மலைக்கு வெளியே இருக்கிறது. 15 கிலோமீட்டர் நீளச் செனெரி சுரங்கம் 2020இல் திறந்த பிறகுதான் தெற்கே சமதளப் பாதை முழுமையானது. வடக்கே ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே முதல் பாசல் வரையான பாதையை விரிவாக்கும் வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் ராஸ்டாட்டில் புதிய சுரங்கம் தோண்டும்போது மேலே ஓடிய தண்டவாளமே அமுங்கி, அந்தப் பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. ஆல்ப்ஸின் அடியில் 57 கிலோமீட்டர் சரியாக முடித்தவர்களின் ரயில், ரைன் நதிச் சமவெளியில் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

26 அக்டோபர் 2024

கொஞ்சம் இலகுவாக. தோண்டிய 2 கோடியே 82 லட்சம் டன் பாறை எங்கே போனது? ஒரு பகுதி கான்கிரீட்டாகிச் சுரங்கத்துக்கே திரும்பியது. ஒரு பகுதியை ஊரி ஏரியில் கொட்டித் தீவுகள் அமைத்தார்கள். கோடையில் சனம் அதில்தான் படுத்து வெயில் காய்கிறது. லோட்ஷ்பெர்க் என்ற இன்னொரு அடிவாரச் சுரங்கத்தில் வடியும் வெதுவெதுப்பான நீரை ஆற்றில் விட்டால் மீனுக்கு ஆகாது என்பதால், ஃப்ரூட்டிகனில் அதைக் கொண்டு வெப்பமண்டலத் தோட்டம் போட்டார்கள், ஸ்டர்ஜன் மீன் வளர்த்துக் கேவியர் எடுக்கிறார்கள். அந்த விலைக்கு நம் ஆட்கள் ஒரு மாதத்துக்கு நெத்திலி வாங்குவார்கள்.

2 நவம்பர் 2024

ஹட்டனிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: மலையகப் பாதையும் மலை கடக்கிறதே, அங்கே ஏன் பெரிய சுரங்கம் இல்லை? அங்கே மலையைக் கடந்து மறுபக்கம் போவது நோக்கமே அல்ல. தேயிலை விளையும் உயரத்துக்கு ஏறுவதுதான் நோக்கம். பட்டிப்பொலையில் 1,890 மீட்டருக்கு மேலே நிலையமே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறி, முடியாத இடத்தில் மட்டும் குடைந்தார்கள். கொட்டகலைக்குப் போகும் வழியில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கம் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தொடாது.

காஷ்மீர்ப் பாதை பற்றிக் கேட்ட கோவை நண்பருக்கு: 2024 பிப்ரவரியில் திறந்த டி-50 ரயில் சுரங்கம் 12.77 கிலோமீட்டர், அப்போது இந்தியாவில் ரயில் ஓடும் சுரங்கங்களில் அதுதான் நீளம். இளம் இமயப் பாறை ஆல்ப்ஸைவிடப் பொல்லாதது. அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதட்டும்.

9 நவம்பர் 2024

டிசம்பரில் வருகிறவர் பழைய பாதையா, புதியதா என்று கேட்டிருக்கிறார். அவசரம் இருந்தால் சூரிச்சிலிருந்து லுகானோ விரைவு ரயில், அது அடியில் போகும். மலையைப் பார்க்க வேண்டும் என்றால் "ட்ரேனோ கோத்தார்டோ" என்று பலகை போட்ட ரயிலில் ஏறுங்கள். அது இன்னும் பழைய பாதையில் கோஷெனன், ஐரோலோ வழியாக ஓடுகிறது. டிக்கெட் எடுக்கும்போது எந்த வழி என்று பார்த்து எடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.